தபால் ஆபீஸ் ஊழியர் மகன் பேஸ்பால் அணி வாங்கிய கதை

[திரையில்: இருட்டு, பனி, வரிசையாக லாரிகள்]

1984 மார்ச் 28, இரவு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் அடங்கும் நேரம் பார்த்து, வீட்டுச் சாமான் ஏற்றும் கம்பெனியின் லாரிகள் ஒரு பயிற்சி மைதானத்துக்குள் நுழைகின்றன. ஹெல்மெட், மேஜை, ஃபைல், எடை தூக்கும் கருவி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஏற்றுகிறார்கள். விடிந்து பார்த்தால் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி ஊரிலேயே இல்லை. இண்டியானாபோலிஸுக்குப் போய்விட்டது.

வாடகை பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்பவர்கள் உண்டு. ஒரு அணியே அப்படிப் போனதை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. முதலாளி ஆடுகளத்தில் இறங்குவதே இல்லை, ஆனால் அணி எந்த ஊரில் இருக்கும் என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

சரியாக நாற்பது வருடம் கழித்து, 2024 மார்ச் 28. அதே பால்டிமோரில் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணி சீசனின் முதல் ஆட்டத்தை ஆடுகிறது. அணிக்கு முதலாளி மாறி ஒரே நாள்தான் ஆகிறது. புது முதலாளிக்கு வயது 74, பெயர் டேவிட் ரூபன்ஸ்டைன். கம்பெனிகளை வாங்குவது, சில வருடம் வைத்திருப்பது, விற்பது. இதுதான் அவருடைய தொழில். இப்படிப்பட்ட ஒருவரிடம் அணி போயிருக்கிறது என்றால் ஊர் பயப்படத்தானே வேண்டும்? பயப்படவில்லை, கொண்டாடியது. ஏன் என்று பார்ப்போம்.

[திரையில்: பழைய பால்டிமோர், வரிசை வீடுகள்]

ரூபன்ஸ்டைன் பிறந்தது 1949இல், பால்டிமோரில், ஒரு யூதக் குடும்பத்தில். அப்பா தபால் துறையில் சாதாரண வேலை பார்த்தவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவருக்கு ஐந்து வயதாகும் வருடத்தில்தான் செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு பேஸ்பால் அணி இடம்பெயர்ந்து வந்து ஓரியோல்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது. அதாவது, இந்த ஊருக்கு அந்த அணி வந்ததே இன்னொரு ஊரை விட்டுவிட்டுத்தான்! அதைப் பால்டிமோர்காரர்கள் அவ்வளவாகப் பேசமாட்டார்கள்.

பையன் நன்றாகப் படித்தான். டியூக் பல்கலைக்கழகம், அப்புறம் சிகாகோவில் சட்டம். 1976இல் ஜிம்மி கார்ட்டரின் தேர்தல் பிரசாரத்தில் சேர்ந்தார். இதை வைத்து அவரே ஒரு ஜோக் சொல்வார்: நான் சேரும்போது கார்ட்டர் முப்பது புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருந்தார், நான் உழைத்த உழைப்பில் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று. ஆனாலும் கார்ட்டர் ஜெயித்தார். 27 வயதில் ரூபன்ஸ்டைனுக்கு வெள்ளை மாளிகையில் வேலை. 1980இல் ரீகன் ஜெயித்ததும் அந்த வேலை போனது. மறுபடியும் வக்கீல் தொழில். அதில் தான் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்தச் சமயத்தில் அவர் கண்ணில் ஒரு செய்தி படுகிறது. நிதியமைச்சராக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் சைமன், ஒரு கூட்டாளியோடு சேர்ந்து, கிப்சன் என்ற வாழ்த்து அட்டை கம்பெனியை 8 கோடி டாலருக்கு வாங்கியிருந்தார். அதில் சொந்தப் பணம் எவ்வளவு தெரியுமா? வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டது சுமார் 10 லட்சம் டாலர். மிச்சமெல்லாம் கடன். ஒன்றரை வருடத்தில் அதே கம்பெனி 29 கோடி டாலர் மதிப்பில் பங்குச்சந்தைக்கு வந்தது.

இங்கே கொஞ்சம் நிற்போம். அடுத்தவர் பணத்திலும் கடனிலும் கம்பெனி வாங்கி விற்கும் இந்தத் தொழிலுக்குப் பெயர் பிரைவேட் ஈக்விட்டி, அதன் சூட்சுமமே இதுதான்.

[திரையில்: கணக்கு நோட்டுப் பக்கம்]

நீங்கள் 100 ரூபாய்க்கு ஒரு கடை வாங்குகிறீர்கள். 30 ரூபாய் கைப்பணம், 70 ரூபாய் கடன். ஆனால் கடன் உங்கள் பெயரில் இல்லை, கடையின் பெயரில். வட்டியைக் கடையின் கல்லாவே கட்டும். ஐந்து வருடம் கழித்து 150க்கு விற்றால், கடன் 70 போக 80 கையில். போட்டது 30. லாபம் 50. இப்போது இன்னொரு படி. அந்த 30கூட உங்கள் பணம் இல்லை. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி, பல்கலைக்கழக அறக்கட்டளை போன்றவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தது. நிர்வாகக் கட்டணம் என்று வருடத்துக்குச் சுமார் இரண்டு சதவீதம் வாங்கிக்கொள்கிறீர்கள். லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10 ரூபாய், உங்களுக்கு. கடை நொடித்துப்போனால்? கடன் கொடுத்தவன் கடையைத்தான் பிடிப்பான், உங்கள் வீட்டுக் கதவைத் தட்டமாட்டான்.

நியூயார்க்கில் கார்லைல் என்று ஒரு ஹோட்டல் இருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு 1987இல் ரூபன்ஸ்டைனும் கூட்டாளிகளும் 50 லட்சம் டாலரோடு வாஷிங்டனில் கார்லைல் குரூப்பை ஆரம்பித்தார்கள். பணக்காரக் கம்பெனிகள் எல்லாம் நியூயார்க்கில் இருக்க, இவர்கள் ஏன் அரசாங்கம் இருக்கும் ஊரில் கடை போட்டார்கள்? அதுதான் இவர்களின் சரக்கு. ஆயுதம், விமானம், பாதுகாப்புத் துறை என்று அரசாங்கத்தையே வாடிக்கையாளராகக் கொண்ட கம்பெனிகளாகப் பார்த்து வாங்கினார்கள். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஃபிராங்க் கார்லூச்சி வந்தார். அப்புறம் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர், பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ஜான் மேஜர், முன்னாள் ஜனாதிபதி மூத்த புஷ் என்று பெரிய தலைகள் வரிசையாக வந்து சேர்ந்தன. பணம் திரட்டும் கூட்டத்தில் ஒரு முன்னாள் ஜனாதிபதி கைகுலுக்கினால் எந்த முதலீட்டாளர் மாட்டேன் என்பார்? விமர்சனமும் வந்தது, பணமும் வந்தது.

எல்லாமே ஜெயிக்கவில்லை. கையில் இருந்த அமேசான் பங்குகளைச் சீக்கிரமே விற்றார்கள். ஃபேஸ்புக்கின் ஆரம்ப காலத்தில் மார்க் ஜக்கர்பெர்க்கைச் சந்திக்கும் வாய்ப்பு வந்தபோது ரூபன்ஸ்டைன் வேண்டாம் என்றார். இதெல்லாம் அவர் மேடையில் சொல்லிச் சிரிக்கும் கதைகள். சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு. 2007இல் மேனர்கேர் என்ற முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பெரிய குழுமத்தை கார்லைல் சுமார் 630 கோடி டாலருக்கு வாங்கியது. 2011இல் அந்த இல்லங்களின் நிலத்தையும் கட்டடத்தையும் மட்டும் 610 கோடிக்கு விற்றது. அதுவரை சொந்தக் கட்டடத்தில் இருந்த இல்லங்கள், அதே கட்டடத்துக்கு வாடகை கட்ட ஆரம்பித்தன. வாடகை ஏறிக்கொண்டே போனது. 2018இல் மேனர்கேர் திவால். கடை நொடித்தால் என்று கேட்டேனே, அந்தக் கடைக்குள் படுத்த படுக்கையாக வயதானவர்களும் இருக்கலாம் என்பதை அந்தக் கணக்கு நோட்டு காட்டாது.

2012இல் கார்லைல் பங்குச்சந்தைக்கு வந்தது, 2017 முடிவில் இணைத் தலைமை நிர்வாகி பொறுப்பிலிருந்து ரூபன்ஸ்டைன் விலகினார். அதற்குள் அவருக்கு இன்னொரு முகம் வந்திருந்தது. 2007 டிசம்பரில் அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று சொன்ன பழைய இங்கிலாந்துச் சாசனமான மேக்னா கார்ட்டாவின் 1297ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. அது நாட்டை விட்டுப் போய்விடக்கூடாது என்று 2.13 கோடி டாலருக்கு எடுத்து, தேசிய ஆவணக்காப்பகத்தில் பார்வைக்கு வைத்தார். 2011 நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட வாஷிங்டன் நினைவுத்தூணைப் பழுதுபார்க்க 75 லட்சம் டாலர் கொடுத்தார். பாண்டா கரடி ஆராய்ச்சிக்குக்கூடப் பணம் கொடுத்தார்.

[திரையில்: ஓரியோல்ஸ் விலைகள், ஒவ்வொன்றாக]

இப்போது அணிக்கு வருவோம். 1979இல் ஓரியோல்ஸ் விலை 1.2 கோடி டாலர். 1989இல் 7 கோடி. அப்போது வாங்கியவர் ஈலை ஜேக்கப்ஸ். அவரும் இதே கடன் வாங்கிக் கம்பெனி வாங்கும் தொழில்தான். அதே கடனில் மூழ்கினார், 1993இல் திவால் நீதிமன்றத்தில் அணி ஏலத்துக்கு வந்தது. வக்கீல் பீட்டர் ஏஞ்சலோஸ் தலைமையிலான குழு 17.3 கோடிக்கு எடுத்தது. 2024இல் ரூபன்ஸ்டைன் குழு கொடுத்த விலை 172.5 கோடி. ஏறக்குறைய பத்து மடங்கு! இத்தனைக்கும் ஏஞ்சலோஸ் காலத்தில் அணி ஒரு தடவைகூட உலகத் தொடரை, அதாவது சீசனின் இறுதிச் சுற்றை, தொடவில்லை. ஆட்டம் எப்படிப் போனாலும் விலை ஏறுகிறது, ஏனென்றால் அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் இருப்பதே 30 அணிகள். காலி மனை இல்லாத தெருவில் வீட்டு விலை எப்படி ஏறுமோ அப்படி.

விற்பனைக்குப் பேசிய விதமும் சுவாரசியம். முதலில் சுமார் 40 சதவீதம் மட்டும், மீதி ஏஞ்சலோஸ் காலத்துக்குப் பிறகு என்றார்கள். அமெரிக்க வரிச் சட்டப்படி, சொத்து வாரிசுக்குப் போகும்போது பழைய லாபத்தின் மேலுள்ள வரி கழன்றுவிடும். பேரம் ஒப்புதலுக்குக் காத்திருந்தபோதே, மார்ச் 23 அன்று, ஏஞ்சலோஸ் தன் 94ஆவது வயதில் காலமானார். 26ஆம் தேதி பால்டிமோர் துறைமுகத்தின் பெரிய பாலத்தில் கப்பல் மோதி, பாலம் சரிந்து, ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். 27ஆம் தேதி மற்ற அணி முதலாளிகள் எல்லோரும் ரூபன்ஸ்டைனுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 28ஆம் தேதி ஆட்டம், ஓரியோல்ஸ் 11-3 என்று ஜெயித்தது. துக்கத்திலிருந்த ஊருக்கு அன்று அது தேவைப்பட்டது.

ரூபன்ஸ்டைனை ஊர் நம்பியதற்கு அவர் அந்த ஊர்ப் பையன் என்பது ஒரு காரணம். ஓரியோல்ஸின் பழைய ஆட்டக்கார ஜாம்பவான் கேல் ரிப்கனையும் குழுவில் சேர்த்துக்கொண்டது இன்னொரு காரணம். பிறகு அவர் செய்ததைப் பாருங்கள். வீரர்கள் உட்காரும் இடத்தின் கூரை மேல் ஏறி நின்று ரசிகர்களுக்குத் தொப்பிகளை வீசினார். மைதானத்தின் 86ஆம் பகுதியில், அணி நல்ல அடி அடித்தால் ரசிகர்கள் மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டும் நின்றார். முதியோர் இல்லக் கட்டடங்களை விற்ற கம்பெனியின் நிறுவனரும், முழுக்க நனைந்து சிரிக்கும் இந்தத் தாத்தாவும் ஒரே ஆள்தான். எனக்கு இரண்டில் எதையும் மறக்க மனம் வரவில்லை.

2024இல் 91 வெற்றி. 2025இல் எல்லாம் தலைகீழ். மே மாதமே மேலாளர் பிராண்டன் ஹைடை நீக்கினார்கள், அணி தன் பிரிவில் கடைசி இடத்தில் முடித்தது. தொப்பி பிடித்தவர்களே அப்போது, "நல்ல பந்துவீச்சாளருக்கு எப்போது காசு இறக்குவீர்கள்?" என்று கேட்டார்கள்.