எட்டுக் குடம்

(வேலூரில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலக் கூட்டம் ஒன்றில் பேசியது)

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன வாரம் சொந்தக்கார அக்கா ஒருவரிடம், "தினமும் ஜெபம் பண்றீங்களா?" என்று கேட்டேன். "நேரம் எங்கப்பா கிடைக்குது?" என்றார். சரி, விட்டுவிட்டேன். அப்புறம் பேச்சு தண்ணீர் பக்கம் போனது. அவர் தெருவில் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் விடுகிறார்களாம். ஒருநாளும் தவற விட்டதில்லையாம். பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டே குடத்தோடு காத்திருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அக்காவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காட்பாடியிலிருந்து குடியாத்தத்துக்கு தினமும் வேலைக்குப் போய்வந்த காலத்தில், ராத்திரி படுத்த பிறகு ஜெபித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கியது நினைவிருக்கும். ஆமென் சொன்னது நினைவிருக்காது.

மாற்கு முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பர்நகூமில் ஒரு ஓய்வுநாள். இயேசு காலையில் ஜெப ஆலயத்தில் போதிக்கிறார். அங்கிருந்து நேரே சீமோன் வீடு; அவன் மாமியாருக்குக் காய்ச்சல். பொழுது சாய்ந்ததும் பட்டணம் முழுக்க நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது. நம் ஊர் பெரிய ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு நின்றவர்களுக்கு அந்த வாசல் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அப்படிப்பட்ட நாளுக்கு மறுநாள், இன்னும் இருட்டாக இருக்கும்போதே, அவர் எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். நாமாக இருந்தால் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கியிருப்போம்.

சீமோன் தேடிக்கொண்டு வருகிறான். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்களே என்கிறான். அவரோ திரும்பி வரவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எந்த வேலையைச் செய்வது என்பது மட்டுமில்லை, எந்த வேலையை விடுவது என்பதும் அந்த இருட்டில் அவருக்குத் தெளிவாகியிருக்கிறது. வேலை அதிகம், அதனால் ஜெபம் இல்லை என்று நாம் சொல்கிறோம். ஜெபம் இல்லாததால்தான் இவ்வளவு வேலையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நம் ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் கண்ணீரோடு ஜெபித்த அந்த ஓர் இரவை நாம் வருஷா வருஷம் சொல்கிறோம். 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதையும் சொல்கிறோம். அதற்குப் பிறகு, 1960-இல் அவர் மறையும்வரை வந்த சாதாரணக் காலைகளை யாரும் மேடையில் சொல்வதில்லை. தினசரி ஜெபம் அப்படித்தான். அதில் கதை இருக்காது.

'அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு' என்கிறது வேதம். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் எங்கே போவது? நியாயமான கேள்விதான். பேதுரு (முன்னே சொன்ன அதே சீமோன்தான்) யோப்பாவில் தங்கியிருந்ததும் இன்னொருவர் வீடு; தோல் பதனிடும் வேறொரு சீமோன் வீடு. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் உள்ளவர்களுக்கு அந்த வாசனை கூடத் தெரியும். அவர் நடுப்பகலில் மாடிக்கு ஏறி ஜெபித்தார். (மே மாதத்தில் வேலூர் மொட்டை மாடியில் இதை முயற்சி செய்யாதீர்கள்.) ஜெபிக்கும்போது அவருக்கு நல்ல பசி; கீழே சமையல் நடக்கிறது. அந்தப் பசியோடு இருந்தபோதுதான் தரிசனமும் வந்தது.

கிளம்பும்போது அக்காவிடம், ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"மெதுவாத்தான் வரும். அஞ்சு நிமிஷம் ஆகும்பா."

"எத்தனை குடம்?"

"எட்டு" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.