ரிப்போர்ட் நார்மல், மாத்திரையை நிறுத்தலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தவறாமல் மாத்திரை போடுகிறவர்கள்கூட, கொலஸ்ட்ரால் மாத்திரையை நடுவில் விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "நார்மல்னு வந்துடுச்சே டாக்டர், இனிமே எதுக்கு?" என்பார்கள். யாருக்கும் தோன்றுகிற கேள்விதான். ஆனால் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் சாப்பிடும் தட்டிலிருந்து வருவதில்லை. உடம்பே அதைத் தயாரிக்கிறது. அதில் கல்லீரலின் பங்கு பெரியது. செல்களின் சுவருக்கும், பித்தநீருக்கும், சில ஹார்மோன்களுக்கும் அது வேண்டும். எல்.டி.எல். என்கிற துகள்கள் அதைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் சுற்றுகின்றன. கல்லீரல் செல்களின் மேல் இருக்கும் ஏற்பிகள் அந்தத் துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைக் கண்டறிந்த அமெரிக்கர்கள் மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிகள் குறைந்தால் எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கும், வருடக்கணக்கில் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் படியும். அடைப்பாகி மாரடைப்பு வரும்வரை வலி இருக்காது, மயக்கம் வராது. அதனால்தான் மாத்திரையை விடுவது அவ்வளவு சுலபமாக இருக்கிறது.

சரி, சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் கல்லீரலின் ஏற்பிகள் குறைகின்றன. எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்தத் தாவர எண்ணெயில் சொல்லும்படி கொலஸ்ட்ரால் இருந்தது? பார்க்க வேண்டியது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பின் அளவை. தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவீதம், பாமாயிலில் ஏறக்குறைய பாதி. நல்லெண்ணெய், கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். ரேஷன் பாமாயிலை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களிடம் அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கடையில் மற்ற எண்ணெய் விற்கும் விலை எனக்கும் தெரியும். தாளிக்கிற அளவைக் குறையுங்கள், பொரிப்பதைக் குறையுங்கள் என்பேன். முட்டையைக் கண்டு பயந்து ஒதுக்கிவிட்டு, சாயங்காலம் டீயோடு இரண்டு வடை சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும். ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு வேறு கதை. அது ஏறியிருந்தால் சோறு, இனிப்பு, மது மூன்றையும் குறைக்க வேண்டும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். 1970-களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளில் முதலாவதைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்க உதவும் ஒரு நொதியை (என்சைமை) ஸ்டாட்டின் தடுக்கிறது. உள்ளே தட்டுப்பாடு வந்ததும், கல்லீரல் ஏற்பிகளை அதிகமாக்கி, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரை போடுகிறவரைதான் இது நடக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கு வந்துவிடும். நார்மல் என்று வந்தது நோய் போனதால் அல்ல, மருந்து வேலை செய்வதால்.

அந்த நார்மலும் எல்லோருக்கும் ஒன்றல்ல. இந்திய இதயநோய் நிபுணர்கள் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபத்து குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் 70-க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே. ஆனால் லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவு எல்லோருக்கும் ஒரே அளவுதான். ஸ்டென்ட் வைத்தவர் அதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

பக்கவிளைவா? தசைவலி சிலருக்கு வருவது உண்மை. பிரிட்டனில் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். சர்க்கரையின் விளிம்பில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை லேசாக ஏறலாம்; ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு இதயத்துக்குக் கிடைக்கும் பலன் அதைவிடப் பெரிது. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்களும் இந்த மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

அப்புறம், ஒல்லியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் அது பரம்பரையாக வந்ததாக இருக்கலாம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். முதல் சோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. காலை டிபனைச் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.