முடியவே முடியாது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மனிதர் நினைத்தால் சமவாய்ப்பு எண்களை, அதாவது எந்த ஒழுங்கும் இல்லாமல் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்போடு வரும் எண்களை, தாமாகவே சொல்ல முடியுமா என்பது தலைப்பு. முடியும் என்று வாதாடிய எதிரணி நண்பர், நிரூபிக்கிறேன் பேர்வழி என்று இதே மைக்கில் மளமளவென்று ஐம்பது எண்களை அடுக்கினார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் அத்தனையையும் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் பத்து இதோ: 7, 3, 9, 1, 4, 8, 2, 6, 0, 5. பந்தியில் இலைக்கு ஒரு வடை வைத்ததுபோல, சைபர் முதல் ஒன்பது வரை எல்லாம் ஒவ்வொரு முறை! தானாக இப்படி அமைவது சுமார் 2,750 தடவைக்கு ஒரு தடவைதான். அதுகூடப் போகட்டும். ஐம்பதிலும் ஒரே எண் அடுத்தடுத்து வந்த இடம் ஒன்றுகூட இல்லை. பத்துச் சீட்டைக் குலுக்கி, எடுத்ததைத் திரும்பப் போட்டு ஐம்பது முறை எடுத்துப் பாருங்கள். சராசரியாக ஏறக்குறைய ஐந்து இடத்தில், சற்று முன்பு வந்த எண்ணே அடுத்தும் வரும். நண்பருக்கு ஏன் வரவில்லை? மூன்று என்று சொன்ன உடனே, "மறுபடியும் மூன்றா?" என்று மனசு தடுக்கிறது. சொன்னதை ஞாபகம் வைத்து ஒதுக்கிக்கொண்டே போனால் அது எப்படி ஐயா சமவாய்ப்பு ஆகும்?

விளையாட்டுக்குத்தானே என்பீர்கள். 1930களில் ஜெர்மன் ராணுவம் செய்திகளை ரகசியக் குறியீடாக மாற்றப் பயன்படுத்திய எனிக்மா கருவியில், ஒவ்வொரு செய்திக்கும் மூன்றெழுத்துச் சாவியை இயக்குபவரே இஷ்டப்படி தேர்ந்தெடுக்க வேண்டும். பல பேர் ஒரே எழுத்தை மூன்று முறை வைத்தார்கள். போலந்துக் கணித அறிஞர் மரியான் ரெயெவ்ஸ்கிக்கு, அந்தக் குறியீட்டை உடைக்க அந்தப் பழக்கமே பிடி கொடுத்தது. பிறகு, அப்படி வைக்கக் கூடாது என்று தடை வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஓர் எழுத்து இரண்டு முறை வருவதையே தவிர்க்க ஆரம்பித்தார்கள்! அதுவும் ஒரு துப்பாகிப்போனது. ராணுவ ரகசியத்தைக் காக்க உட்கார்ந்தவர்களுக்கே இந்தக் கதி.

எதிரணித் தலைவர் 1986-ல் வெளிவந்த, உளவியலாளர் ஆலன் நியூரிங்கரின் ஆய்வைக் காட்டி, "பயிற்சி கொடுத்தால் முடியும்" என்றார். நல்ல ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் பாதியை விழுங்கிவிட்டார். பயிற்சிக்கு முன்னால் அந்த மாணவர்கள் சொன்னவை சோதனையில் தேறவில்லை. கணினி மதிப்பெண் காட்டிக் காட்டித் திருத்திய பிறகே தேறினார்கள், அதுவும் எந்தெந்த அளவீடுகளுக்குப் பழகினார்களோ அவற்றில். இயந்திரம் கைபிடித்து எழுதவைத்ததை மனிதத் திறமை என்று கணக்கில் எழுதலாமா?

அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்துக்குச் சமவாய்ப்பு எண்கள் தேவைப்பட்டபோது, மின்துடிப்புகளை எண்ணும் கருவி ஒன்றை அமைத்து, 1955-ல் பத்து லட்சம் இலக்கங்களைப் புத்தகமாகவே போட்டார்கள். நாலு குமாஸ்தாக்களை உட்காரவைத்து வாய்க்கு வந்ததை எழுதச் சொல்லியிருந்தால் செலவு மிச்சமாகியிருக்குமே! ஏன் செய்யவில்லை என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். நன்றி, வணக்கம்.