கவசத்தைக் கழற்றிவிட்டால் உள்ளே யார்?

வணக்கம் நேயர்களே.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகும் விளையாட்டை உங்களில் சிலர் ஆடியிருப்பீர்கள். ரோல்பிளேயிங் கேம் என்கிறோம். ஒருவர் கேம் மாஸ்டர். உலகம், வில்லன்கள், வழியில் போகிறவர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு நாயகனோ நாயகியோ. இதில் சூப்பர்ஹீரோக்களுக்கென்றே ஒரு வகை உண்டு. 1977-இல் வந்த 'சூப்பர்ஹீரோ 2044' அதன் தொடக்கம். 1981-இல் 'சாம்பியன்ஸ்', 1985-இல் 'டிசி ஹீரோஸ்', 2002-இல் 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' என்று வரிசையாக வந்தன.

இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஓர் ஆசையைப் பார்க்கிறேன். சின்ன வயதில் படித்த, மனதுக்குப் பிடித்த அந்த ஆளை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அவன் கவசம், மோதிரம், கயிறு ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. நியாயமான ஆசைதான், எனக்கும் இருந்தது. எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது அளவுகோலை. எவ்வளவு எடை தூக்கினான், எத்தனை மாடி தாவினான் என்று பக்கம் பக்கமாகத் தேடிக் குறித்துவைப்பார்கள். இதை நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு சூப்பர்மேனே சாட்சி. 'டிசி ஹீரோஸ்' ஆட்டத்தில் ஓர் எண் கூடினால் பலம் இரட்டிப்பாகும். 1985-இல் வந்த முதல் பதிப்பில் சூப்பர்மேனின் பலம் 50. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 25. கேட்பதற்குப் பாதியாகக் குறைத்தது போல இருக்கும். ஆனால் இரட்டிப்புக் கணக்கில் இருபத்தைந்து படி இறங்குவது என்றால், முன்பிருந்த பலம் இப்போதையதைப் போல 3 கோடியே 35 லட்சம் மடங்குக்கும் மேல்! தவறாகக் கணக்குப் போட்டுவிடவில்லை. இடையில் 1986-இல் சித்திரக்கதையிலேயே சூப்பர்மேனை ஆரம்பத்திலிருந்து புதிதாக எழுதி, அவன் பலத்தைக் குறைத்தார்கள். ஆட்டமும் பின்னாலேயே போனது.

இத்தனை கோடி மடங்கு குறைந்த பிறகும் படிக்கிறவர்களுக்கு அவன் சூப்பர்மேன்தான். அப்படியானால் அவனை அவனாக வைத்திருப்பது அந்த எண் இல்லை. இது புரிந்த நாளிலிருந்து நான் எடையைக் குறித்துவைப்பதை நிறுத்திவிட்டேன். வேறு ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்தப் பொருளை இவனிடமிருந்து பிடுங்கிவிட்டால் கதையில் என்ன நடக்கும்?

ஆட்டங்களின் விதிகளே இந்தக் கேள்வியைத்தான் சுற்றிவருகின்றன. ஆளை உருவாக்க ஒவ்வொருவருக்கும் இத்தனை புள்ளி என்று கிடைக்கும், அதைக் கொடுத்துத்தான் சக்திகளை வாங்க வேண்டும். 'சாம்பியன்ஸ்' ஆட்டத்தில் ஒரு சக்தியின் விலை 60 புள்ளி என்று வையுங்கள். அது உங்கள் உடம்பிலேயே இருந்தால் 60-ஐயும் கொடுக்க வேண்டும். கையில் பிடிக்கும் துப்பாக்கி போல, எல்லோர் கண்ணிலும் பட்டு எளிதில் பறிபோகக் கூடிய பொருளில் இருந்தால் 30 கொடுத்தால் போதும். கவசம் போல, தெரியும் ஆனால் சண்டை நடுவே கழற்ற முடியாது என்றால் 40. பறிபோகும் ஆபத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி அது. கூடவே ஒரு நல்ல விதியும் வைத்திருக்கிறார்கள்: ஆட்டத்தில் ஒருநாளும் தொந்தரவு தராத குறைக்குத் தள்ளுபடி கிடையாது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிடவில்லை என்பது என் எண்ணம்.

தள்ளுபடியில் ஒரு குழியும் இருக்கிறது. நானே விழுந்தேன். பல வருஷம் முன்பு நான் நடத்திய ஆட்டத்தில் ஒரு நண்பர் பறக்கும் கவசம் போட்ட நாயகியோடு வந்தார். மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லாப் புள்ளியையும் கவசத்திலேயே கொட்டியிருந்தார். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது வாரம் வில்லன் கவசத்தைப் பூட்டிவைத்தான். அதை மீட்பது விறுவிறுப்பாக இருக்கும் என்று நினைத்து மூன்று வாரம் இழுத்தேன். அந்த மூன்று வாரமும் அவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய கேரக்டர் ஷீட்டை, அதாவது நாயகியின் விவரமெல்லாம் எழுதிய தாளை, வாங்கிப் பார்த்தேன். கவசத்துக்கு வெளியே ஒரு திறமை, ஒரு பழக்கம், தெரிந்த மனிதர் ஒருவர், எதுவும் எழுதியிருக்கவில்லை. அதை அனுமதித்தது என் தவறு. நேரில் மன்னிப்புக் கேட்டேன், அப்புறம் இருவரும் உட்கார்ந்து புதிதாக எழுதினோம்.

1963-இல் வந்த அயர்ன்மேனின் முதல் கதையைப் பாருங்கள். சிறைப்பட்ட இடத்தில், கிடைத்த பொருளை வைத்துத்தான் அவன் கவசத்தைச் செய்கிறான். கவசம் இல்லாத நேரத்திலும் அந்த மூளை அவனிடம் இருக்கிறது. ஆகவே பொறியியல் திறமையை முழு விலை கொடுத்து அவன் பெயரில் எழுத வேண்டும். பறக்கும் சக்தியைக் கவசத்தின் பெயரில் எழுதித் தள்ளுபடி வாங்கிக்கொள்ளலாம். எது ஆளுடையது, எது பொருளுடையது என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, தீர்ந்துபோகும் பொருள்கள். ஸ்பைடர்மேன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் வலை வீசும் கருவி அவனே செய்தது. அதன் திரவம் தீர்ந்துபோகும். புதிதாக ஆடுகிறவர்கள் இதைக் கேட்டதும் ஒரு குப்பிக்கு இத்தனை வீச்சு என்று கோடு போட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். வேண்டாம். கதையில் அது எப்போது தீர்கிறது? கட்டடத்திலிருந்து ஒருவர் விழும்போது, கைவிடக் கூடாத நேரத்தில் தீர்கிறது. 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. சிக்கல் என்று ஷீட்டில் ஒரு வரி எழுதிவைத்தால் போதும். தக்க நேரம் பார்த்து கேம் மாஸ்டர் "தீர்ந்துவிட்டது" என்பார். பதிலுக்கு ஆடுகிறவருக்கு ஒரு ஹீரோ பாயிண்ட் கொடுப்பார். விழுந்த பகடையைத் திரும்ப உருட்ட அது உதவும். கஷ்டத்துக்குக் கூலி உடனே கிடைத்துவிடுவதால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

நம் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரையே செய்து காட்டுகிறேன். இரும்புக்கை மாயாவி. 1962-இல் ஒரு பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவர். விபத்தில் கையை இழந்த ஆய்வக உதவியாளர், அந்த இடத்தில் எஃகுக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் தெரியும்.

'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' மூன்றாம் பதிப்பில் எழுதுவோம். பார்வையிலிருந்து முழுவதுமாக மறைய நாலு படி, படிக்கு 2 புள்ளி, மொத்தம் 8. மின்சாரம் பாய்ந்தால்தான் நடக்கும் என்பது உண்மையான குறை. படிக்கு 1 குறைத்து 4 புள்ளி. சரி, கை தெரிகிறதே, அதற்கும் தள்ளுபடி கேட்கலாமா? நான் கேட்க மாட்டேன். அந்தரத்தில் மிதக்கும் கையைப் பார்த்துக் காவல்காரன் அலறுவதுதான் மாயாவி கதை. அதைத் தள்ளுபடியாக வாங்கினால் ஷீட்டில் ஒரு முறை எழுதியதோடு போய்விடும். சிக்கலாக எழுதினால் ஒவ்வொரு முறை யாராவது அலறும்போதும் ஹீரோ பாயிண்ட் கிடைக்கும், மேசையில் எல்லோருக்கும் அந்தக் கை ஞாபகம் இருக்கும்.

கையோ பொருள்தான். பின்னால் வந்த கதைகளில் விரல்களுக்குள் ஆயுதங்களையும் ஒளித்துவைத்தார்கள். மூன்று ஆயுதம், அவற்றில் விலை கூடியது 20 புள்ளி என்று வையுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும் என்பதால் மற்ற இரண்டுக்குத் தலைக்கு 1. மொத்தம் 22. மாயாவி செயலிழந்து கிடந்தால்தான் கையைக் கழற்ற முடியும் என்பதால் 5-க்கு 1 வீதம் 4 கழியும், 18. சண்டை நடுவே தட்டிப்பறிக்கக் கூடியதாக இருந்தால் 5-க்கு 2 வீதம் கழித்திருக்கலாம், ஆனால் ஒட்டியிருக்கும் கையை யார் தட்டிப்பறிப்பது? ஆக மறைவதும் கையும் சேர்ந்து 22 புள்ளி. இந்த ஆட்டத்தில் வழக்கமாக ஒரு நாயகனுக்குக் கிடைப்பது 150. மிச்சத்தை அந்த மனிதனுக்குச் செலவழியுங்கள்: ஆய்வக அறிவு, பூட்டுத் திறப்பது, ஆள் தெரியாமல் நடப்பது.

இப்படி எழுதிய மாயாவியை எங்கள் மேசையில் ஒரு பெண் ஆடினார். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் கேட்பது, "இங்கே சுவிட்ச்போர்டு எங்கே இருக்கிறது?" என்றுதான். மற்றவர்கள் எதிரிகளை எண்ணுவார்கள், அவர் ஒயரைத் தேடுவார். ஒரு நாள் எதிரிகள் கிடங்கில் மின் இணைப்பையே துண்டித்துவிட்டார்கள். விளக்கு, மோட்டார் எதுவும் இல்லை, வாசலில் ஆறு பேர் துப்பாக்கியோடு. அவர் ஷீட்டைப் பார்க்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "வெளியே நிறுத்தியிருக்கிற லாரியில் பேட்டரி இருக்குமா?" என்று கேட்டார்.

அதற்கு அந்த மின்சாரம் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. இருபது முகப் பகடையை அவர் பக்கம் தள்ளினேன்.