திறப்பும் ஈரச் சுவடும்

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம்.

இங்கிலாந்தில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் ஊடகவியல் கற்பித்தவள் என்ற முறையில், என் மாணவர்கள் நால்வர் எடுத்த ஒரு திரில்லர் படத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு வந்திருக்கிறேன். அவர்கள் எடுத்தது முழுப் படமன்று, தொடக்கம் மட்டுமே. அதுவும் இரண்டு நிமிடத்துக்கு மேற்படக் கூடாது. இரண்டு நிமிடத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். நொடிக்கு 25 சட்டகம், அதாவது 25 தனித்தனிப் படம், என்ற கணக்கில் பார்த்தால் அது 3,000 சட்டகங்கள். அவற்றில் எதைக் காட்டினோம், எதைக் காட்டாமல் விட்டோம் என்பதற்கெல்லாம் அந்தப் பிள்ளைகள் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

ஓ.சி.ஆர். என்னும் தேர்வு வாரியம் 2008இல் தொடங்கிய ஏ.எஸ். என்னும் உயர்தர முதலாண்டு ஊடகவியல் பாடவிதானத்தில் இந்தப் பணி இடம்பெற்றது. 2017இல் பாடவிதானங்கள் மாறும்வரை, நாடெங்கும் உயர்வகுப்பு மாணவர்கள் குளிர்காலத்தில் கமராவைத் தூக்கிக்கொண்டு பூங்காக்களிலும் பாலங்களுக்கு அடியிலும் திரிந்ததற்கு இதுவே காரணம். புதிய கதைப்படம் ஒன்றின், படத்தின் பெயரும் பங்காற்றியவர்களின் பெயர்களும் காட்டும் எழுத்துகளோடு கூடிய தொடக்கத்தை அவர்கள் எடுக்க வேண்டும். காட்சிகள் அனைத்தும் அவர்களே படம்பிடித்தவையாக இருக்க வேண்டும். மொத்தம் 100 புள்ளிகளில் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, படத்துக்கு 60, எடுத்து முடித்த பின் எழுதும் மதிப்பீட்டுக்கு 20. அந்த மதிப்பீட்டில் ஏழு கேள்விகள் உண்டு. அவற்றில் இரண்டாவதையும் ஏழாவதையும் பற்றியே இன்று அதிகம் பேசப் போகிறேன்.

பெரிய பணிக்கு முன்பாக ஒரு சிறு பயிற்சியும் இருந்தது. ஒருவர் கதவைத் திறக்கிறார், அறையைக் கடக்கிறார், இன்னொருவருக்கு எதிரே கதிரையில் அமர்கிறார், இருவரும் ஓரிரு வார்த்தை பேசுகிறார்கள், அவ்வளவுதான். கதவுக் குமிழில் கை பட்ட இடத்தில் ஒரு ஷாட் வெட்டப்பட்டால், அடுத்த ஷாட் அதே கையசைவிலிருந்து தொடர வேண்டும். பேசும் இருவருக்கும் இடையே ஒரு கோடு கிழித்திருப்பதாக வைத்துக்கொண்டு, கமரா அந்தக் கோட்டைத் தாண்டாமல் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். தாண்டினால், எதிரெதிரே இருப்பவர்கள் திரையில் ஒரே திசையைப் பார்ப்பவர்கள்போல் தோன்றுவார்கள். இதைத்தான் 180 பாகை விதி என்கிறோம். இந்தப் பயிற்சியை ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அவசரமாக, வகுப்பறையிலேயே எடுத்து முடித்துவிடுவார்கள். அவர்கள் மனமெல்லாம் கொலையிலும் துரத்தலிலும் இருக்கும்.

திரில்லரை ஏன் இத்தனை பேர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு எளிய விடை உண்டு. நடிகர்கள் அதிகம் வேண்டாம், வசனம் குறைவு, இருட்டுக்குச் செலவில்லை. நான் சொல்ல வந்த நால்வரும் முதலில் எழுதி வந்த கதையில், ஹூடி என்னும் தலைமூடி வைத்த மேலாடை அணிந்த ஒருவன் காட்டுப் பாதையில் ஒரு பெண்ணைத் துரத்துகிறான். அவன் கையில் துப்பாக்கி. துப்பாக்கிச் சத்தத்தோடு ஒரு படத்தைத் தொடங்குவதில் தவறில்லை. 1954இல் பாடலோ நடனமோ இல்லாமல் வெளிவந்த நம் ‘அந்த நாள்’ ஒரு வானொலிப் பொறியியலாளர் சுடப்படுவதில்தான் தொடங்குகிறது. ஆனால் பிரித்தானியாவில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். வழியில் போகும் ஒருவர் அதைப் பார்த்துப் பயந்து காவல்துறையை அழைத்தால், ஆயுதந்தாங்கிய காவலர்கள் வருவார்கள். இது படப்பிடிப்பு என்று அவர்களுக்குப் புரிவதற்குள் எதுவும் நடக்கலாம். ஆகவே துப்பாக்கியை நான் உடனே நீக்கச் சொன்னேன்.

ஹூடியை நீக்கியது நானல்லேன். குழுவிலிருந்த ஒரு மாணவனின் பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். துரத்துபவனாக நடிக்க அவனையே மற்றவர்கள் இயல்பாகக் கைகாட்டினார்கள். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் இதைக் குளிருக்காகத் தினமும் போடுகிறேன், படத்தில் போட்டவுடன் நான் ஏன் கொலைகாரனாகிறேன்?” என்று கேட்டான். மதிப்பீட்டின் இரண்டாவது கேள்வி இதுதான்: உங்கள் படம் குறிப்பிட்ட சமூகப் பிரிவினரை எவ்வாறு சித்திரிக்கிறது? வழக்கமாக அந்தக் கேள்விக்குப் படம் முடிந்த பிறகு ஏதோ ஒரு பந்தி எழுதி ஒப்பேற்றுவார்கள். இந்தக் குழுவிலோ அது படம் தொடங்குமுன்பே எழுந்து கதையை மாற்றியது. ஓர் ஆசிரியைக்கு அதைவிட மகிழ்ச்சியான தருணம் அரிது.

ஹூடியும் போய், துப்பாக்கியும் போன பிறகு அவர்களிடம் எதிராளியே இல்லை. அப்போதுதான் திரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவிடம் சொன்ன விளக்கத்தை வகுப்பில் எடுத்துச் சொன்னேன். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, அடியிலிருந்த குண்டு திடீரென்று வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது பதினைந்து நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்பே காட்டிவிட்டால், அதே வெற்றுப் பேச்சில் பதினைந்து நிமிடம் அவர் தவித்துக்கொண்டிருப்பார். நமக்குத் தெரிகிறது, பாத்திரத்துக்குத் தெரியவில்லை. திகில் குடியிருப்பது அந்த இடைவெளியில். அப்படியென்றால் எங்கள் குண்டு எது என்று பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

விடையைக் கொண்டுவந்தவள் குழுவிலிருந்த தமிழ்ப் பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவள் சொன்னது இதுதான்: ஒரு பெண் பாடசாலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள், திறப்பால் கதவைத் திறக்கிறாள், வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைக்கிறாள், சமையலறைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறாள், அந்தச் சமையலறைத் தரையில் ஒரு சப்பாத்தின் ஈரச் சுவடு இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருமே சப்பாத்தோடு உள்ளே வரமாட்டார்கள் என்றாள். எனக்கு மேனி சிலிர்த்தது. கத்தியோ முகமூடியோ தராத பயத்தை, தண்ணீரால் ஆன ஓர் அடிச்சுவடு தந்துவிட்டது. அவளுடைய வீட்டின் ஒழுங்கை அறிந்தவருக்குத்தான் அந்த ஒழுங்கு குலைந்திருப்பதும் தெரியும்.

அந்த எண்ணத்தைப் படமாக்குவது எளிதாக இருக்கவில்லை. முதல் இடர் வெளிச்சம். டிசம்பர் நடுவில் இலண்டனில் மாலை நான்கு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பாடசாலை விட்டு, கமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய்ச் சேரவே மூன்றரை மணி ஆகிவிடும். பெண் தெருவில் நடந்து வரும் மூன்று ஷாட்டுகளையும் ஒரே மாலையில் எடுத்தார்கள். தொகுத்துப் பார்த்தபோது, முதல் ஷாட்டில் வானம் சாம்பல், இரண்டாவதில் கருநீலம், மூன்றாவதில் இருட்டு. பத்து அடி நடப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பிறகு ஒரு நாளைக்கு ஒரு ஷாட் என்று மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அதே இருபது நிமிடத்தில் எடுத்தார்கள். மூன்றாம் நாள் மழை தூறியது. அந்த மழைதான் தரையிலுள்ள ஈரத்துக்குக் காரணமாயிற்று; அதற்காக மீண்டும் முதல் இரண்டு ஷாட்டுகளையும் நனைந்த தெருவில் எடுத்தார்கள்.

இரண்டாவது இடர் அந்தச் சுவடேதான். ஒருவனின் தந்தை கட்டட வேலைக்கு அணியும் பெரிய சப்பாத்தைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் பதித்தார்கள். வெப்பமூட்டி ஓடும் வீடு. மூன்றாவது முறை எடுப்பதற்குள் சுவட்டின் ஓரங்கள் உலர்ந்து உள்வாங்கிவிட்டன. ஷாட்டுக்கு ஷாட் சுவடு சிறுத்துக்கொண்டே போயிற்று. தண்ணீரில் சிறிது கிளிசரின் கலக்கச் சொன்னேன். திரையில் வியர்வைத் துளியை நிறுத்தி வைக்கப் பயன்படும் பழைய உத்தி அது. கலந்த பிறகு அடிப்பாகத்தின் கோடுகள் ஒவ்வொன்றும் விளக்கொளியில் மினுங்கி, நெடுநேரம் அப்படியே நின்றன. கமராவைத் தரையோடு தரையாக வைத்தார்கள். முன்னே, திரையின் பாதியை அடைத்துக்கொண்டு அந்தச் சுவடு; பின்னே, மங்கலாக, காலுறை அணிந்த இரண்டு பாதங்கள், கேத்தல் கொதிப்பதற்காகக் காத்து நிற்கின்றன.

நேயர்களே, வானொலியில் பேசுவதால் மட்டும் இதைச் சொல்லவில்லை: மாணவர் படங்கள் பெரும்பாலும் கெடுவது ஒலியால்தான். கமராவோடு இணைந்த ஒலிவாங்கியில் பதிவு செய்த சமையலறைக் காட்சியைத் தொகுத்தபோது, ஷாட்டுகள் மாறும் இடமெல்லாம் பின்னணியில் ஓர் இரைச்சல் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. குளிர்சாதனப் பெட்டிதான் காரணம். அதன் இயந்திரம் தானாக ஓடும், தானாக நிற்கும். எடுக்கும்போது காது அதைப் பொருட்படுத்துவதில்லை, வெட்டி ஒட்டும்போதோ ஒவ்வொரு வெட்டும் கேட்டுவிடும். மறுமுறை எடுக்கும்போது பெட்டியின் இணைப்பைக் கழற்றினார்கள். கழற்றியதை மறந்துவிட்டால் வீட்டாரின் உணவெல்லாம் கெட்டுப்போகுமே! அதற்கு ஒலிப்பதிவாளர்களிடையே ஒரு வழக்கம் உண்டு: தம் திறப்பைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். புறப்படும்போது திறப்பைத் தேடிப் பெட்டியைத் திறந்தாக வேண்டும். அப்போது இணைப்பு நினைவுக்கு வரும். அந்தப் பிள்ளையும் தன் வீட்டுத் திறப்பை வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதன் பிறகு அவர்கள் செய்ததை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த இரைச்சலைத் தனியாக, ஒலிவாங்கியைப் பெட்டியின் பின்புறத்துக்கு அருகில் பிடித்து, இரண்டு நிமிடம் பதிவு செய்தார்கள். அதைச் சமையலறைக் காட்சி முழுவதற்கும் அடியில் மெல்லிதாக ஓடவிட்டார்கள். அதன்மேல் கேத்தலின் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. பெண் பின்னோக்கி ஓர் அடி வைக்கிறாள். அவள் காலுறை சுவட்டின்மேல் படுகிறது. ஈரம் துணி வழியாக உள்ளங்காலில் உறைக்கிறது. குனிந்து பாதத்தைப் பார்க்கிறாள். கேத்தல் தானே அணைகிறது. மறுகணமே குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலும் நின்றுவிடுகிறது. ஒரு வீட்டுக்குள் எத்தனை ஒலி இருந்தது என்பது அது நின்ற பிறகே தெரிகிறது. அந்த அமைதியில் மாடிப் படி ஒன்று ஒரே ஒரு முறை முனகுகிறது. திரை கறுத்துப் படத்தின் பெயர் வருகிறது. இசை எதுவும் வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

முதல் தொகுப்பை வகுப்புக்குப் போட்டுக் காட்டியபோது ஒரு வேடிக்கையான பிளவு ஏற்பட்டது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் வீடுகளின் பிள்ளைகள், சோமாலியர், வங்காளியர், துருக்கியர், நம்மவர் என எல்லோரும், சுவட்டைக் கண்டவுடன் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. “கொஞ்சம் தண்ணீர் சிந்தியிருக்கிறது, அதற்கு ஏன் பயம்?” என்று ஒருவன் உண்மையாகவே கேட்டான். பிள்ளைகள் மனமுடைந்து போனார்கள். ஒழுங்கு இன்னதென்று தெரியாதவரிடம் அது குலைந்ததைக் காட்டிப் பயனில்லை. முதலில் ஒழுங்கைக் காட்டியாக வேண்டும். ஆனால் விளக்கம் சொல்ல வசனமும் இல்லை, நேரமும் இல்லை. தயாரிப்பு நிறுவனத்தில் தொடங்கி இயக்குநரில் முடியும் எழுத்துகளுக்கே ஏறக்குறைய முப்பது நொடி போய்விட்டது.

அந்த எழுத்துகளிலேயே வழி கிடைத்தது. வாசலில் வரிசையாக இருக்கும் சப்பாத்துகளின்மேல் கமரா மெதுவாக நகர்கிறது: தாயின் செருப்பு, தம்பியின் சேறு படிந்த காற்பந்துச் சப்பாத்து, தந்தையின் இடம் வெறுமை. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பெயர் தோன்றி மறைகிறது. வரிசையின் முடிவில் பெண்ணின் கை தன் சப்பாத்தைக் கழற்றி, நேராக்கி, வரிசையில் வைக்கிறது. பார்வையாளர் பெயர்களை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டின் சட்டத்தையும் கற்றுக்கொண்டுவிடுகிறார். இரண்டாம் முறை போட்டுக் காட்டியபோது, முன்பு கேள்வி கேட்ட அதே மாணவன் சுவட்டைக் கண்டதும் மேசையைக் கையால் தட்டினான்.

நான் அதிகம் பேசுவதாகச் சொன்ன ஏழாவது கேள்விக்கு இப்போது வருகிறேன். பயிற்சிப் படத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, அதிலிருந்து முழுப் பணிக்கு வருவதற்குள் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று அது கேட்கிறது. புதிய மென்பொருளைக் கற்றோம், நேரத்தைத் திட்டமிடக் கற்றோம் என்று எழுதுவதே வழக்கம். அவையும் உண்மைதான், அவற்றுக்கும் புள்ளி உண்டு. இந்த நால்வரையும் நான் இரண்டு படங்களையும் அடுத்தடுத்து, ஒரு முறை ஒலியில்லாமலும் ஒரு முறை படமில்லாமல் ஒலியை மட்டும் கேட்டும் பார்க்கச் சொன்னேன். பயிற்சிப் படத்தில் நடித்தவளும் அந்தத் தமிழ்ப் பிள்ளைதான். கதவைத் திறக்கிறாள், அறையைக் கடக்கிறாள், கதிரையில் அமர்கிறாள். இரண்டு படத்திலும் அவள் செய்வது ஏறக்குறைய ஒன்றேதான் என்பதை அவர்கள் அப்போதுதான் கண்டார்கள்.

அவள் எழுதிய விடையின் கடைசி வரிகள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. “பயிற்சிப் படத்தில் அந்த அறை ஒரு வீட்டின் அறை என்றுதான் நாங்கள் எழுதியிருந்தோம். ஆனால் ஒலியை மட்டும் கேட்டபோது, கதவிலிருந்து கதிரை வரைக்கும் என் சப்பாத்துச் சத்தம் கேட்டது. எடுக்கும்போது நாங்கள் நால்வரும் அதைக் கவனிக்கவே இல்லை” என்று எழுதியிருந்தாள்.

வணக்கம்.