பந்து விழட்டும், இறங்க வேண்டாம்

வணக்கம் நேயர்களே. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு பந்து வரைந்து, கட்டைவிரலால் சரசரவென்று விட்டுப் பார்த்திருப்பீர்கள். அனிமேஷனின் அரிச்சுவடி அதுதான்.

1892 அக்டோபர் 28. பாரிஸ் நகரத்து க்ரேவான் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் எமில் ரெனோ, கையால் தீட்டிய படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டினார். லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிச் சினிமா காட்டியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. ரெனோவின் ஒரு சுருளில் 500 படங்கள். இன்றைய வேகத்தில், நொடிக்கு 24 என்று ஓட்டினால், 21 நொடியில் தீர்ந்துவிடும். அவரோ பத்து நிமிடத்துக்கு மேல் காட்டினார். சுருளைக் கையால் சுற்றியவர், வேண்டிய இடத்தில் நிறுத்தினார், பின்னால் சுற்றினார், மறுபடி முன்னே விட்டார். எந்தப் படம் எவ்வளவு நேரம் நிற்பது என்று அந்தக் கை முடிவு செய்தது. தொழிலில் அதற்குப் பெயர் டைமிங்.

பந்துக்கு வருவோம். திரையில் நொடிக்கு ஓடும் 24 கட்டங்களில் ஒவ்வொன்றும் ஒரு பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் கண் ஏற்றுக்கொள்ளும். நொடிக்கு 12 படம் போதும். 1908இல் பிரெஞ்சு ஓவியர் எமில் கோல் தன் அனிமேஷன் படத்துக்குச் சுமார் 700 படம் வரைந்து, ஒவ்வொன்றையும் இருமுறை படமெடுத்ததும் இப்படித்தான்.

ஸ்கேலை எடுங்கள். பந்து 25 மில்லிமீட்டர் விழ வேண்டும். ஆறு படம், ஐந்து இடைவெளி. பலரும் ஐந்தைந்தாகச் சமமாகப் பிரிப்பார்கள். விட்டுப் பார்த்தால் பந்து விழாது, கிணற்றில் வாளி இறங்குவதுபோல இறங்கும். விழும் பொருள் போகப்போக வேகம் எடுக்கும் அல்லவா? அதனால் முதல் இடைவெளி 1, அடுத்து 3, 5, 7, 9. கூட்டுங்கள், 25. மேலே நெருக்கம், கீழே அகலம். எழும்போது 7, 5, 3, 1 என்று 16 மில்லிமீட்டர் மட்டும். அதற்கடுத்த துள்ளல் 5, 3, 1. உயரத்தோடு படங்களும் குறைகின்றன, கவனியுங்கள். எண்ணிக்கையைக் குறைக்காவிட்டால் பந்து பலூன்போல மிதக்கும். இதை மட்டும் மறக்காதீர்கள்: மேலே நெருக்கம், கீழே அகலம்.

தரையைத் தொடும் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லையேல் பந்து அந்தரத்திலேயே திரும்பிவிடும். அந்தப் படத்தில் மட்டும் நசுக்குங்கள். முந்திய படத்திலேயே நசுக்கினால், தரைக்கு மேலே கண்ணாடியில் மோதியதுபோல இருக்கும். உயரம் குறைகிற அளவுக்கு அகலம் கூட வேண்டும். கூடாவிட்டால் பந்து சிறுத்துத் தெரியும். ரப்பர் பந்து நசுங்கலாம், இரும்புக் குண்டு நசுங்கக் கூடாது.

கடைசிப் பக்கத்திலிருந்து வரைந்து வாருங்கள். அடியில் உள்ள படம் மங்கலாகத் தெரியும். தரைக்கோடு நூலளவு நகர்ந்தாலும் தரையே நடுங்கும். ஸ்டுடியோக்களில் தாளில் துளையிட்டு பெக் பார் என்னும் முளை வைத்த பட்டையில் மாட்டுவது இதற்காகத்தான்.

கம்ப்யூட்டரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. மேலே ஒரு நிலை, கீழே ஒரு நிலை கொடுத்தால் நடுவில் உள்ளதை அதுவே நிரப்பும். நேர்கோட்டு முறையில் விட்டால் சம இடைவெளி, அதே கிணற்று வாளி. பந்தின் உயரம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோடுதான் கர்வ். அதை உச்சியில் தட்டையாக வளைத்து, தரையில் கூர்மையாக முறித்துவிடுங்கள். வணக்கம்.