ஹோமரின் பொத்தான்

நேயர்களுக்கு வணக்கம். பல வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து சொந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்தியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கையில் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது வயிற்றுக்குள் ஒன்று புரளுமே, அதை அப்படியே காட்டிய படம் ஒன்று உண்டு. 1946-இல் அமெரிக்காவில் வந்த ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று பேர் ஒரே விமானத்தில் ஊர் திரும்புகிறார்கள். அல், வங்கி அதிகாரி. ஃப்ரெட், போருக்கு முன் ஒரு கடையில் சோடாவும் ஐஸ்கிரீமும் கொடுத்துக்கொண்டிருந்தவன். போரில் குண்டு வீசும் விமானத்தில் கேப்டன். மூன்றாமவன் ஹோமர், கடற்படைப் பையன். இரண்டு கைகளும் போய், அந்த இடத்தில் இரும்புக் கொக்கிகள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம்; போர்க்களக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. இயக்குநர் வில்லியம் வைலரும் போரிலிருந்து திரும்பியவர்தான். விமானப் படைக்காகப் படம் எடுக்கப் போய், செவித்திறனைப் பெரும்பாலும் இழந்து வந்தவர்.

அல் வீட்டுக்கு வருகிறான். கதவைத் திறந்த பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்கிறான். உள்ளே வேலையாக இருக்கும் மனைவி, யார் வந்தது என்று கேட்கிறாள். பதில் இல்லை. மறுபடி கேட்க ஆரம்பித்தவளின் குரல் பாதியில் நின்றுவிடுகிறது. நின்றுபோன அந்தக் குரல்தான் காட்சியே. வானொலியில் கேட்டால்கூடப் புரியும்.

அதற்கு முன்னால், அல்லும் ஃப்ரெட்டும் ஹோமரை டாக்சியில் அவன் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். காதலி வில்மா ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அவன் கைகள் தொங்கியபடியே இருக்கின்றன. நண்பர்களுக்கு விடைகொடுக்கக் கையைத் தூக்குகிறான்; கொக்கியைப் பார்த்த அம்மாவுக்கு அழுகை வந்துவிடுகிறது. கொக்கியால் எல்லாம் செய்ய நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள் என்கிறான் ஃப்ரெட். காதலியை அணைக்கவும் தலையைக் கோதிவிடவும் பழக்க முடியவில்லையே என்கிறான் அல்.

ஹோமராக நடித்த ஹெரால்ட் ரஸல் நடிகரே அல்ல. 1944 ஜூன் 6, நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய அதே நாளில், அமெரிக்காவிலேயே ஒரு பயிற்சி முகாமில் வெடிபொருள் வெடித்து இரு கைகளையும் இழந்தவர். போருக்குப் போகாமலே போரில் கையை இழந்தவர். அதனால்தான் நான் சொல்லப்போகும் காட்சியை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ராத்திரி. என்னைக் கட்டிக்கொண்டால் உன் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று வந்து பார் என்று வில்மாவைத் தன் அறைக்கு அழைத்துப் போகிறான். தோள்பட்டை வாரோடு கொக்கிகளைக் கழற்றிக் கட்டிலில் போடுகிறான். இரவுச் சட்டையை எப்படியோ மாட்டிக்கொள்கிறான். பொத்தான் மட்டும் போட முடியாது. அதை அவள் போட்டுவிடுகிறாள். இனி ஒரு புத்தகம் படிக்க முடியாது, காற்றில் அந்தக் கதவு சாத்திக்கொண்டால் திறந்து வெளியே வர முடியாது, குழந்தை மாதிரி யாரையாவது கூப்பிட்டு அழ வேண்டியதுதான் என்று சொல்கிறான். அவள் வாயே திறக்காமல் ஓடிவிடுவாள் என்று நினைத்தானோ என்னவோ. பொத்தானைப் போட்டுவிட்ட அவள் ஓடிப்போகவில்லை. அவ்வளவுதான். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உதவி செய்வதைவிடப் பெற்றுக்கொள்வது கஷ்டம். ஹோமருக்கு அன்றைக்குத்தான் அது முடிந்தது. ரஸலுக்கு இந்த ஒரே வேடத்துக்காக இரண்டு ஆஸ்கர்.

ஃப்ரெட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது. வேலை போய், மனைவியும் போனபின், எஞ்சின் கழற்றிய போர் விமானங்கள் வரிசையாக நிற்கும் மைதானத்துக்குப் போகிறான். ஒன்றில் ஏறித் தன் பழைய இடத்தில் உட்காருகிறான், வியர்க்கிறது. கீழேயிருந்து மேஸ்திரி சத்தம் போட்டு இறக்குகிறார். அந்தத் தகரத்தையெல்லாம் உடைத்து வீடு கட்டப் போகிறார்களாம். இறங்கி வந்த ஃப்ரெட் அவரிடமே வேலை கேட்கிறான். வணக்கம்.